தேனீப் பெட்டி வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

திருவண்ணாமலைப் பக்கம் தேன் என்றால் ஜவ்வாது மலைதான். ஜமுனாமரத்தூர் போய் வருகிறவர்கள் சாமையோடும் புளியோடும் தேனும் வாங்கி வருவார்கள். இப்போது கீழேயும் தென்னந்தோப்பிலும் கொல்லையிலும் பெட்டி வைக்க இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். மகிழ்ச்சி. எல்லோரும் முதலில் கேட்பது, "என்னென்ன வாங்க வேண்டும்?" என்பதைத்தான். என் பதில் இது: எந்தக் கருவி தேனீயைக் குறைவாகத் தொந்தரவு செய்கிறதோ, அதை வாங்குங்கள். கலங்காத தேனீ கொட்டாது. கூட்டை விட்டும் ஓடாது. கீழே உள்ள அத்தனையும் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

1. முதலில் தேனீயைத் தெரிந்துகொள்ளுங்கள். பாறை முகட்டிலும் உயர்ந்த கட்டடங்களிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. புதர்க்கிளையில் சிறிதாகக் கட்டுவது கொம்புத்தேனீ. இரண்டும் திறந்த வெளியில் வாழ்பவை, பெட்டியில் தங்கா. மலைத்தேனீயின் அருகிலேயே போகாதீர்கள். மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை அடுக்கிக் கட்டும் இந்தியத் தேனீதான் புதியவர்களுக்கு ஏற்றது. இத்தாலியத் தேனீ நிறையத் தேன் தரும்; ஆனால் அதன் பெரிய குடும்பத்துக்குப் பூ தேடிப் பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அது பழகியவர்கள் வேலை.

2. தேனீக்கு ஏற்ற பெட்டியை வாங்குங்கள். 1851இல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் ஓர் உண்மையைக் கண்டு பெட்டி செய்தார். தேனீ நடமாடும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டால், அது அங்கே ஒன்றும் கட்டாது. குறுகினால் அடைத்துவிடும், அகன்றால் குறுக்கே அடை கட்டிவிடும். அவர் பெட்டி, தேனீ அடை கட்டுவதற்கான பத்து மரச்சட்டங்களைக் கொண்டது. ஐரோப்பியத் தேனீக்கு உரியது. நம் தேனீ உருவில் சிறியது, குடும்பமும் சிறியது. அதற்காக 1911 முதல் 1917 வரையிலான காலத்தில் தென்னிந்தியாவில் கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி தந்த பாதிரியார் நியூட்டன் ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். கீழே புழு அறையில் ஏழு சட்டங்கள், மேலே உயரம் குறைந்த தேன் அறை. பெரிய பெட்டி வாங்கினால் தேன் கூடும் என்று நினைக்காதீர்கள். நிரப்ப முடியாத வெற்றிடத்தைச் சிறிய குடும்பம் காக்க முடியாது. அந்துப்பூச்சி புகுந்து அடையைத் தின்றுவிடும்.

3. தச்சரிடம் செய்தால் அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பெட்டியின் சட்டம் இன்னொரு பெட்டியில் தட்டாமல் முட்டாமல் இறங்க வேண்டும். மரம் நன்கு உலர்ந்ததாக, வாசனை இல்லாததாக இருக்கட்டும். வெளியே மட்டும் வெளிர் நிறத்தில் வண்ணம் பூசி, வாசம் போகும்வரை காயவிடுங்கள். உள்ளே எதையும் பூசாதீர்கள்.

4. இரண்டு பெட்டியோடு தொடங்குங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் அது நன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வழியில்லை. ஒன்றில் ராணி இறந்துபோனால், மற்றதிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வேலைக்காரத் தேனீக்கள் புது ராணியை வளர்த்துக்கொள்ளும். பத்துப் பெட்டி முதல் வருடமே வேண்டாம்.

5. தாங்கியையும் இடத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். தாங்கியின் காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. தண்ணீர் வற்றாமல் பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மெழுகு இளகி அடை அறுந்து விழும், மரநிழல் கட்டாயம். பக்கத்தில் சுத்தமான தண்ணீர் வேண்டும். கிரிவலப் பாதையை ஒட்டி ஒருபோதும் பெட்டி வைக்காதீர்கள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் இரவெல்லாம் மக்கள் வெறுங்காலோடு நடக்கிற பாதை அது. இரவு விளக்கு வெளிச்சமும் தேனீயை வெளியே இழுக்கும்.

6. முகவலையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கண்ணிலும் வாயிலும் கொட்டினால் ஆபத்து. விளிம்பு அகன்ற தொப்பியின் மேல் வலை விழ வேண்டும். முகத்தில் ஒட்டினால் வலை இருந்தும் பயனில்லை. பார்க்கும் பக்கம் கறுப்பு வலையாக இருந்தால் கண் கூசாது. உடுப்பு வெளிர் நிறப் பருத்தி போதும். கறுப்பும் கம்பளியும் தேனீயைச் சீண்டும். கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். சென்ட், வாசனை எண்ணெய், தலையில் மல்லிகைப்பூ எதுவும் அன்று வேண்டாம். கையுறை தொடக்கத்தில் போடலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் தடித்த கையுறைக்குள் விரல் உணர்வு மங்கி, தேனீ நசுங்கும். நசுங்கிய தேனீயின் வாசம் மற்றவற்றைக் கொட்ட அழைக்கும். ஆகவே மெல்லியதாக வாங்குங்கள். தூங்கும் குழந்தையின் தொட்டிலைத் தொடுவதுபோல் தொடப் பழகுங்கள். கை பழகியபின் கையுறையின் தேவை தானே குறையும்.

7. புகையை அளவாகப் பயன்படுத்துங்கள். புகை பட்டதும் தேனீ வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொள்ளும்; அபாய வாசமும் மறைந்துபோகும். அதனால்தான் அடங்குகிறது. புகை ஊதும் கருவிக்குக் காய்ந்த தேங்காய் நார், பழைய சாக்குத் துண்டு நல்ல எரிபொருள். பிளாஸ்டிக், மண்ணெண்ணெய் கூடவே கூடாது. புறங்கையில் ஊதிப் பாருங்கள், சுடக் கூடாது. வாசலில் இரண்டு மூன்று ஊது ஊதி, சற்றுப் பொறுத்துத் திறவுங்கள். அதிகம் போட்டால் இந்தியத் தேனீ அடையை விட்டு ஓடத் தொடங்கும். தேனிலும் புகை நாறும். வேலை முடிந்ததும் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். கோடையில் அண்ணாமலைச் சரிவில் காய்ந்த புல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

8. தேன் எடுக்கும் இயந்திரத்தை நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். வருடத்தில் சில நாள் மட்டுமே தேவைப்படும் பொருள் அது. துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். சட்டத்தை வைத்துச் சுற்றினால் தேன் மட்டும் தெறிக்கும், அடை உடையாது. காலி அடையைத் திருப்பிக் கொடுத்தால் தேனீ உடனே நிரப்பத் தொடங்கும். அடையைப் பிழிந்தால் அதன் உழைப்பு மொத்தமும் வீண். கண்ணறைகளில் பெரும்பகுதி மெழுகால் மூடியபின்தான் எடுங்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய தேன் புளித்துப்போகும். புழு அறைத் தேனைத் தொடாதீர்கள். அது மழைக்காலத்துக்கு அவற்றின் சாப்பாடு.

9. பழைய பெட்டி, பழைய அடை மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். 1991க்குப் பின் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் குடும்பங்கள் பெருமளவில் அழிந்தன. குமரி மாவட்டத்து வளர்ப்பவர்கள் அந்த அடியிலிருந்து எழ வெகுகாலம் ஆனது. நோய் கண்ட கூட்டின் அடை வேண்டவே வேண்டாம்.

10. கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்து எறியுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல் வந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். முதல் நாட்களில் தனியாகப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. காசு செலவழிக்கும் முன், அனுபவமுள்ள ஒருவரோடு ஒரு பூப்பருவம் முழுக்க நில்லுங்கள். பங்குனி தொடங்கி வேம்பும் புங்கனும் புளியும் பூக்கும் மாதங்கள் அதற்கு நல்ல காலம். சந்தேகம் வந்தால் வாழவச்சனூர் வேளாண் கல்லூரியில் கேளுங்கள். பெட்டியைக் கடையில் வாங்கிவிடலாம். பொறுமையை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அதைக் கொண்டுவருகிறவர்கள் மட்டும் தொடங்குங்கள்.