தேர்வுக்குப் பயிலும் முறை

கல்லூரியில் மாணவர் பெற்ற கல்வியை அளந்து காட்டுவது இறுதித் தேர்வு. பட்டம் பெறுதலும், மேற்படிப்பிற் புகுதலும், பணியில் அமர்தலும் பெரும்பாலும் அதன் முடிவைச் சார்ந்தே அமைகின்றன. வயலை ஒற்றி வைத்து மக்களைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோரும் அம்முடிவையே எதிர்நோக்கியிருப்பர். ஆயினும், பலமுறை ஏட்டைப் படித்தும், இரவு பகலாகக் கண்விழித்தும், தேர்வு மண்டபத்தில் விடை தோன்றாது திகைக்கும் மாணவர் உளர். உழைப்பு இருந்தும் பயன் கிட்டாமைக்குக் காரணம் யாது? பயிலும் முறையை அறியாமையே அன்றோ?

13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். எனினும், அதன் பாயிரம் பாடங்கேட்கும் முறையையும் வகுத்துக் கூறுகின்றது. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டு உள்ளத்திற் கொண்டவனும் புலமையிற் காற்பங்கே பெறுவான். உடன் பயில்வாரோடு கூடிப் பயின்றால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைத் தானே பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் நிரம்பும். உள்ளே வாங்குதலினும் வெளியே எடுத்துரைத்தலே பெரும்பயன் தரும் என்பது அவர் கருத்து.

இக்கருத்தை இக்கால ஆராய்ச்சியும் வலியுறுத்துகின்றது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவரைக்கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு சாரார் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு பயிற்சி வேளைகளிலும் படித்தனர். மற்றொரு சாரார் முதல் வேளையில் மட்டும் படித்து, எஞ்சிய மூன்று வேளைகளிலும் ஏட்டைப் பாராது நினைவிலிருந்தே எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்தவர்களே முந்தினர். அவர்கள் நூற்றுக்கு 83 பங்கும், எழுதியவர்கள் 71 பங்கும் நினைவு கூர்ந்தனர். ஒரு வாரம் சென்றபின் நிலை மாறிற்று. படித்தவர்களிடம் 40 பங்கே எஞ்சியது. எழுதியவர்களிடம் 61 பங்கு நிலைத்திருந்தது. மீண்டும் மீண்டும் படித்தல், அறிந்துவிட்டோம் என்னும் பொய்யான மனநிறைவைத் தருகின்றது என்பது இதனால் விளங்கும்.

பயிலும் காலத்தைப் பகுத்துக்கொள்ளுதலும் இன்றியமையாதது. செருமானிய அறிஞர் எபிங்காசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் இயல்பை ஆராய்ந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள்ளும், ஏறத்தாழ மூன்றில் இருபங்கு ஒரு நாளிலும் மறைந்தமையைக் கண்டார். ஒரே நாளில் 68 முறை ஓதியதால் விளைந்த பயன், மூன்று நாள்களிற் பகுத்து 38 முறை ஓதியதாலேயே விளைந்தது. அடைமழை ஒரே நாளிற் கொட்டி ஓடிவிடுவதினும், இடைவிட்டுப் பாய்ச்சிய நீரே பயிரை வளர்க்கும் அன்றோ?

ஆதலின், தேர்வு எழுதுவோர் சில திங்களுக்கு முன்னரே பாடங்களைப் பகுத்து அட்டவணை அமைத்தல் வேண்டும். ஒரு பகுதியைப் படித்தவுடன் ஏட்டை மூடி, நினைவில் உள்ளதை எழுதுதல் வேண்டும். பின்னர் ஏட்டோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை மட்டும் மீண்டும் பயிலுதல் வேண்டும். அதனையே மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு திங்கள் கழித்தும் எழுதிப் பார்த்தல் நன்று. முன்னைய ஆண்டுகளின் வினாத்தாள்களுக்குக் குறித்த நேரத்தில் விடையெழுதிப் பழகுதலும், தோழர்க்கு ஒரு பாடத்தை விளக்கிக் கூறுதலும் பெரிதும் துணைசெய்யும். கற்றவை உறுதி பெற உறக்கம் துணைசெய்கின்றது. தேர்வுக்கு முந்திய இரவில் உறக்கத்தைத் துறப்பது பேதைமை.

இம்முறையால் மற்றுமொரு நன்மையும் உண்டு; எப்பாடத்திற் குறை உளது என்பது முன்னரே புலப்படும். விருப்பமான பாடத்தையே நாடி, வருந்திக் கற்க வேண்டியதை ஒதுக்குதல் மாணவர்க்கு இயல்பு. கணித மேதை இராமானுசன் 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிற் பயின்றும் தேர்வில் தேறினாரில்லை. பேரறிவு படைத்தவரையும் வறுமையில் உழலச் செய்த குறை அது.

தேர்வு சில நாள்களில் முடிந்துவிடும். கல்வியோ வாழ்நாள் முழுதும் வேண்டப்படுவது. ஓரிரவில் திணித்தது விடைத்தாளோடு நீங்கிவிடும். பலகாலும் நினைந்து, எழுதி, பிறர்க்கு உரைத்துப் பெற்ற கல்வியோ தேர்விலும் கைகொடுக்கும். தேர்வு முடிந்தபின்னும் உடனிருக்கும். பள்ளிப் பருவத்திலேயே இம்முறையைப் பழகிக்கொள்ளும் மாணவர், கல்லூரித் தேர்வையும் அஞ்சாது எதிர்கொள்வர்.