முகப்பருவுக்கு இரட்டை மருந்து – தம்பதிகள் தெரிந்துகொள்ள வேண்டியது



செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை எடுக்கவோ கொலுசு வாங்கவோ வரும்போது, அப்படியே மருந்துக் கடையில் நின்று, "பருவுக்கு ஒரு கிரீம் கொடுங்க" என்று கேட்கிறீர்கள் அல்லவா? கேட்கும் முன் இதைப் படியுங்கள்.

பரு ஏன் வருகிறது?
தோலில் எண்ணெய்ப் பசை கூடுகிறது; மயிர்க்கால் துளை அடைபடுகிறது; உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. "கல்யாணமானா சரியாப் போயிடும்" என்பது வெறும் பேச்சு.

இரண்டு மருந்து எதற்கு?
காரணம் பல, ஆகவே ஒரு மருந்து போதாது. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும். அடபலீன் அடைப்பைத் திறக்கும். இரண்டும் சேர்ந்தே ஒரு களிம்பாக வருகிறது. கிளிண்டாமைசினை மட்டும் தடவிவந்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். அதனால் அதனுடன் பென்சாயில் பெராக்சைடும் சேர்த்துத் தருவார்கள்.

எப்படித் தடவுவது?
இரவில் முகம் கழுவி, ஈரம் காய்ந்தபின், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுதும் மெல்லிசாகப் பூசுங்கள். முதலில் தோல் வறண்டு எரியலாம். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுங்கள். நல்ல பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். "பத்து நாளாச்சு, ஒண்ணும் கேக்கலே" என்று விட்டுவிடாதீர்கள். பென்சாயில் பெராக்சைடு பட்டால் துணியின் சாயம் போகும், கவனம்.

ஏமாற்றும் கிரீம்
மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் மூன்றும் கலந்த கிரீம், டாக்டர் பார்வையில் மங்குக்குச் சில வாரம் மட்டும் தரப்படுவது. சிவப்பழகுக்கும் பருவுக்கும் பலர் இதை மாதக்கணக்கில் தடவுகிறார்கள். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பருவும் கிளம்பும். இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு ஆணையிட்டது. ஏற்கெனவே தடவுகிறவர்கள் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள்.

தாய்மார்களே!
கர்ப்பமாக இருந்தாலும், குழந்தைக்கு எண்ணினாலும் அடபலீன், ட்ரெடினாயின் வேண்டாம். கடும் பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை கருவிலுள்ள சிசுவை ஊனமாக்கும். அதைச் சாப்பிடும் பெண்ணுக்கு, நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தடை அவசியம். நாள் தள்ளிப்போனால் மருந்தை நிறுத்திவிட்டு, உடனே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

கணவன்மார்களே!
மனைவியின் முகத்தைக் கேலி பேசாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே வாருங்கள். கையிலிருக்கும் டியூபையும் எடுத்து வாருங்கள்.

கடைக்காரர் சொன்னதைத் தடவாதீர். டாக்டர் சொன்னதை விடாதீர்!