உழவர் கண்டுபிடிக்கும் கருவிக்குக் காப்புரிமை

வயலில் ஏற்படும் இடர்ப்பாடுகளுக்கு உழவர்களே வழி காண்பது நம் நாட்டில் புதிதன்று. களைக்கொத்தின் வளைவை மாற்றுவது, விதைப்பானுக்கு வேறு துளைத்தட்டு பொருத்துவது, தெளிப்பானைச் சைக்கிளில் ஏற்றுவது என்று பலரும் உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்து கொள்கிறார்கள். இவற்றுள் சில, முன்பு எங்கும் இல்லாத புதுக் கருவிகளாகவே அமைந்து விடுவதுண்டு. அத்தகைய கருவியைப் பார்த்து வேறொருவர் தொழிற்சாலை வைத்து விற்கத் தொடங்கினால், கண்டுபிடித்தவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பே பேடண்ட் என்று வழங்கும் காப்புரிமை. இது எவ்வாறு செயல்படுகிறது, உழவர்கள் எந்த இடத்தில் இதை இழந்து விடக்கூடும் என்பதை இங்குக் காண்போம்.

காப்புரிமை என்றால் என்ன?

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே உள்ள ஓர் ஒப்பந்தம் போன்றது. கருவி எப்படிச் செய்யப்பட்டது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, அவர் அனுமதியின்றிப் பிறர் அக்கருவியைச் செய்யவும் பயன்படுத்தவும் விற்கவும் கூடாது என்று தடுக்கும் உரிமை கிடைக்கிறது. நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972 முதல் நடைமுறையில் உள்ளது. 2003-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இவ்வுரிமையின் காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதன் பின் அது பொதுச்சொத்து. இந்தியாவில் பெற்ற உரிமை இந்தியாவில் மட்டுமே செல்லும்.

எவற்றிற்குக் கிடைக்கும்?

மூன்று தகுதிகள் வேண்டும். கருவி உலகில் எங்கும் முன்பே அறியப்படாத புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் பழகியவருக்கு எளிதில் தோன்றக்கூடிய சிறு மாற்றமாக இருக்கக்கூடாது. தொழிலில் பயன்படக் கூடியதாக இருக்க வேண்டும்.

புதுமை என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மஞ்சள் வழக்கே சான்று. மஞ்சள் தூளைக் கொண்டு காயம் ஆற்றுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இது இந்தியாவில் நெடுங்காலமாக அறிந்த செய்தி என்பதற்கு நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டியது. 1997-ல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது.

நம் சட்டப்படி வேளாண்மை முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது. இத்தனை அங்குல இடைவெளியில் நட வேண்டும் என்ற முறையை யாரும் தமக்கென வைத்துக் கொள்ள முடியாது. ஆனால் அவ்வாறு நடுவதற்குக் கோடு போடும் புதிய கருவி ஒன்றைச் செய்தால் அதற்குக் கிடைக்கலாம். செடிகள், விதைகள், பயிர் ரகங்கள் ஆகியவற்றிற்கும் காப்புரிமை இல்லை. உழவர் உருவாக்கிய ரகத்தை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம்.

காட்டும் முன் விண்ணப்பம்

உழவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். விண்ணப்பிக்கும் முன் கருவியைப் பலர் அறியக் காட்டினாலும், விற்றாலும், செய்தித்தாளில் படத்துடன் வெளியிட்டாலும், கைப்பேசியில் காணொளியாகப் பரப்பினாலும் அதன் புதுமை போய்விடும். பிறகு கண்டுபிடித்தவரே விண்ணப்பித்தாலும் மறுக்கப்படலாம். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கும், கருவியின் தன்மை காரணமாகப் பொதுவில் செய்தே ஆகவேண்டிய சோதனைக்கும் 12 மாத விலக்கு உண்டு. ஆயினும் ஊர்க் கண்காட்சிகளுக்கு இவ்விலக்கு இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

கருவியைச் சொந்த வயலில் சோதித்துப் பாருங்கள். பட்டறைக்காரரிடமும் உடன் வேலை செய்வோரிடமும், வெளியில் சொல்வதில்லை என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். படம், அளவு, சோதித்த நாள், ஒரு நாளில் முடிந்த பரப்பு ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

விண்ணப்பிக்கும் முறை

1. காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இதுபோன்ற கருவி முன்பே உள்ளதா என்று கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

2. கருவி முழுமை பெறவில்லை என்றால், முதலில் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்து நாளை உறுதி செய்து கொள்ளலாம். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும்.

3. தமிழ்நாட்டிற்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. தனிநபர் இணையவழி விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் ரூ.1,600. பக்கங்கள் 30-க்கு மேலும் கோரிக்கைகள் 10-க்கு மேலும் போனால் கூடுதலாகும். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும்.

4. 18 மாதங்கள் கழித்து விண்ணப்பம் வெளியிடப்படும். அதை எதிர்ப்பவர்கள் எதிர்க்கலாம்.

5. தானாகப் பரிசீலனை நடக்காது. அதற்குத் தனியே ரூ.4,000 கட்டி, 31 மாதங்களுக்குள் கேட்க வேண்டும். பரிசீலகர் எழுப்பும் ஆட்சேபணைகளுக்கு ஆறு மாதத்திற்குள் விடையளிக்க வேண்டும்.

கோரிக்கை எழுதுவதில் கவனம்

விவரக்குறிப்பின் இறுதியில் வரும் கோரிக்கைகளே நிலத்திற்கு நான்கெல்லை போன்றவை. அதில் எழுதியது மட்டுமே உங்களுக்கு உரியது. எடுத்துக்காட்டாக, சைக்கிள் சக்கரத்தில் பூட்டிய களைக்கருவி முன்பே உள்ளது. ஸ்பேனர் இன்றி ஒரே கைப்பிடியால் கொத்துகளின் இடைவெளியையும் ஆழத்தையும் மாற்றும் அமைப்பே உங்கள் புதுமை எனக் கொள்வோம். அதை விட்டு, மூன்று கொத்துகள் கொண்ட களைக்கருவி என்று எழுதினால், நான்கு கொத்து வைத்துச் செய்பவர் எல்லைக்கு வெளியே நின்று விடுவார். ஆகவே இப்பகுதியைப் பதிவு பெற்ற காப்புரிமை முகவரைக் கொண்டு எழுதுவது நல்லது. அவர் கட்டணம் தனி.

உரிமை பெற்ற பின்

மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தி வரவேண்டும். போலி செய்பவரைப் பிடிக்க அரசு ஆள் அனுப்பாது. உரிமையாளரே மாவட்ட நீதிமன்றத்திலோ அதற்கு மேற்பட்ட நீதிமன்றத்திலோ வழக்குத் தொடர வேண்டும். அமெரிக்காவில் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்திற்கு ஈலை விட்னி 1794-ல் காப்புரிமை பெற்றார். அரவைக் கூலியாகப் பஞ்சில் ஐந்தில் இரு பங்கு கேட்டார். இயந்திரமோ எளியது, ஊர்தோறும் கொல்லர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். நீதிமன்றம் அவர் உரிமையை உறுதி செய்தது 1807-ல். அதற்குள் உரிமைக் காலமே முடியும் தறுவாயில் இருந்தது.

எனவே எல்லாக் கருவிக்கும் காப்புரிமை தேவை என்பதில்லை. எந்தப் பட்டறையிலும் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய கருவியானால் காவல் காப்பது கடினம். தொழிற்சாலையில் செய்து பல மாவட்டங்களில் விற்கக்கூடியதானால், நிறுவனத்திற்கு உரிமம் கொடுத்து, விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் தொகை பெறலாம். ஊரார் அனைவரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று நினைத்தால், தேதியுடன் அச்சில் வெளியிட்டு விடுங்கள். பின்னர் வேறொருவர் அதைத் தமதென்று கோர இயலாது.

குஜராத் மாநிலம் அம்ரேலி மாவட்டத்தின் மன்சுக்பாய் ஜகானி, மோட்டார் சைக்கிளில் பூட்டி உழவும் விதைக்கவும் களையெடுக்கவும் பயன்படும் அமைப்பை உருவாக்கினார். 2005-ல் அமெரிக்கக் காப்புரிமையும் அதற்குக் கிடைத்தது. இத்தகைய கண்டுபிடிப்பாளர்களுக்கு உதவவே காந்திநகரில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை உள்ளது. விண்ணப்பம் செய்ய வசதியற்றவர்கள் அங்கு எழுதலாம்.

ஆகவே, புதுக்கருவி செய்த உழவர்கள் அதைக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்லும் முன், காப்புரிமை வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்து கொள்ள வேண்டும். வேண்டும் என்றால், முதலில் விண்ணப்பம், பிறகே விளம்பரம்.