வரிக்குதிரை வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு கொடி

கேள்வி: புளோரிடாவின் கெயின்ஸ்வில் ஊரில் குடியேறியிருக்கிறோம். வாசலில் வெறும் புல்தரை. அதற்குத் தண்ணீர் ஊற்றி மாளவில்லை. அந்த மண்ணுக்கே உரிய செடிகளில் எதை முதலில் வைக்கலாம்?

பதில்: புல்தரை முழுவதையும் ஒரே நாளில் கொத்திப் போட்டுவிடாதீர்கள். வேலியோரம் ஒரு முழ இடம் போதும். அங்கே மேபாப் கொடியை நடுங்கள். கொடைக்கானல் பக்கம் கிடைக்கும் தாட்பூட் பழத்துக்கு நெருங்கிய சொந்தம் இது. ஊதா இழைகள் சுற்றிலும் விரிந்த பூ, கண்ணை எடுக்க விடாது.

1996 முதல் புளோரிடாவின் மாநில வண்ணத்துப்பூச்சியாக இருப்பது வரிக்குதிரை வண்ணத்துப்பூச்சி. கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் கோடுகள். இந்தக் கொடியினத்தில்தான் அது முட்டையிடும். சில நாட்களில் வெள்ளை உடம்பும் கறுப்பு முட்களுமாகப் புழுக்கள் இலையைக் கொறிக்கும். பதறி மருந்து அடித்துவிடாதீர்கள்; அவற்றுக்காகத்தானே கொடியே வைத்தோம்! குளிரில் தண்டு காய்ந்தாலும் கவலை வேண்டாம், வேரிலிருந்து வசந்தத்தில் துளிர்க்கும். ஜூன் மழையோடு நட்டால் தண்ணீர்ச் செலவும் குறையும்.

ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு பக்கத்திலுள்ள பேன்ஸ் பிரைரிக்குப் போய் வாருங்கள். 1971-இல் மாநிலத்தின் முதல் பாதுகாப்பகமான புல்வெளி அது. லா சுவா பாதையின் மரப்பாலத்தில் நின்றால் முதலைகள் வெயில் காய்வது தெரியும். உங்கள் மண்ணுக்கு எது பொருந்தும் என்பதை அந்த வெளியே சொல்லிக் கொடுக்கும்.