அம்மம்மாவை அயலார் வரையலாமா?

கேள்வி: ஐயா, கல்முனையில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டு, இரவுகளில் ஓர் அம்மம்மாவையும் அவருடைய ஆட்டையும் வைத்துக் கேலிச்சித்திரத் தொடர் வரைந்து, தினந்தோறும் இணையத்தில் இட்டு வருகிறேன். சில மாதங்களாகக் கோடு ஓடவில்லை. அம்மம்மா வாய் திறப்பதுமில்லை. நிறுத்தினால் மறந்துவிடுவார்கள் என்ற பயத்தில் பழைய பகிடிகளையே திருப்பி வரைகிறேன். சம்மாந்துறையிலும் சாய்ந்தமருதிலும் உள்ள என் ஓவியத் தோழர்கள், "ஒரு மாசத்துக்கு அம்மம்மாவ எங்கட கையில தா மச்சான்" என்கிறார்கள். சம்மதித்தால் அது என் தோல்வியாகாதா?
- ஒரு வாசகர், வீரமுனை

பதில்: தம்பி, ஆகாது. நாவலாசிரியன் இரண்டு வருஷம் மௌனமாக இருந்தால் ஏதோ மகா காவியம் சிந்தித்துக்கொண்டிருக்கிறான் என்று மரியாதையோடு பேசிக்கொள்ளும் உலகம், நாள்தோறும் ஒரு சிரிப்பைத் தந்தே தீரவேண்டிய கேலிச்சித்திரக்காரன் இரண்டு நாள் ஓய்ந்தால் மாத்திரம் சரக்குத் தீர்ந்துவிட்டதென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை உலகம் சொல்லுமுன் நீரே உமக்குச் சொல்லிக்கொண்டீர் என்பதுதான் எனக்கு வருத்தம்.

'கல்வின் அன்ட் ஹொப்ஸ்' தொடரை 1985 நவம்பரில் ஆரம்பித்து 1995 டிசம்பர் 31ஆந் திகதி முடித்துக்கொண்ட அமெரிக்கரான பில் வாட்டர்சன், அந்தப் பத்து வருஷங்களுக்குள் 1991இலும் 1994இலுமாக இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒன்பது மாதமளவில், பகிரங்கமாக விடுமுறை எடுத்தார். திரும்பி வந்தபோது வாசகர் அவரை மறந்திருக்கவில்லை. ஐம்பது வருஷமளவில் 'பீநட்ஸ்' வரைந்து, 1997இல் ஐந்தே வாரம் ஓய்ந்த சார்ல்ஸ் ஷூல்ஸை யாராவது உமக்கு உதாரணம் காட்டினால், அபூர்வப் பிறவிகளைச் சட்டமாக்க வேண்டாமென்று சொல்லிவிடும். ஆனால் அவர்களுக்கெல்லாம் பழைய சித்திரத்தை மறுபிரசுரம் செய்தாவது இடத்தை நிரப்பப் பத்திரிகை ஆசிரியர்கள் இருந்தார்கள். உமக்கோ ஆசிரியரும் நீரே, அச்சுக்கோப்பவரும் நீரே, பத்திரிகை போடும் பையனும் நீரே ஆதலால், விடுமுறைக் கடிதத்தை வாங்கிக்கொள்ளவே ஆளில்லை. உமது தோழர்கள் ஏற்க முன்வந்திருப்பது அந்த ஆசிரியர் ஸ்தானத்தைத்தான்.

நம் நாட்டில் 'சவாரித் தம்பர்' வரைந்த சிவஞானசுந்தரம், 'சிரித்திரன்' சஞ்சிகையை நடத்தியபோது, மகுடி என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்கும் தாமே பதில் எழுதினார். (இப்படியொரு பகுதியை எழுத உட்காரும் எவருக்கும் அவர் ஞாபகம் சற்றே கூச்சம் தரும்.) அத்தனை வேலைக்கு வல்லவரான அவரும் தம் கையொன்றையே நம்பிச் சஞ்சிகை நடத்தவில்லை; இளம் எழுத்தாளர் பலரைக் கூட வைத்துக்கொண்டார்.

இருந்தாலும் உமது சந்தேகத்துக்கு நேரான பதில் ரிச்சர்ட் தொம்சனுடைய சரித்திரத்தில் இருக்கிறது. 'கல் டி சாக்' என்ற தொடரை வரைந்துவந்த அவர், தமக்குப் பார்க்கின்சன் நோய் கண்டிருப்பதை 2009இல் வெளியிட்டார். நண்பர்கள் அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப் புறப்பட்டு, பல ஓவியர்களைக் கொண்டு அவருடைய பாத்திரங்களை அவரவர் பாணியில் வரையச் செய்து நூலாக்கினார்கள். பொது வாழ்விலிருந்து ஒதுங்கிவிட்ட வாட்டர்சனும் அதற்கு ஓர் எண்ணெய் வர்ண ஓவியம் தீட்டிக் கொடுத்தார். 2012 ஆரம்பத்தில் தொம்சன் சிகிச்சைக்காக ஓய்ந்திருந்த வாரங்களில், விருந்தினராக வந்த ஓவியர்கள் தொடரை வரைந்தார்கள். அந்த வருஷம் செப்டெம்பரில் தொடர் நின்றேவிட்டது. தோழமை நோயை வெல்லவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் 2014 ஜூனில் வாட்டர்சன் வேறொருவருடைய தொடருக்குள் மூன்று நாள் ரகசியமாகப் புகுந்து வரைந்து, அந்த மூலச் சித்திரங்களை ஏலத்தில் விற்ற பணத்தை அதே நிதிக்குச் சேர்ப்பித்தாரென்றால், தொம்சன் தோற்றுப்போனதாகச் சகாக்கள் எண்ணினார்களென்று யார் சொல்ல முடியும்?

உமக்கு வந்திருப்பது அத்தகைய வியாதியல்ல என்று நம்புகிறேன். ஆயினும் நித்திரையும் பசியும் குறைந்து, சித்திரத்தில் மட்டுமின்றி எதிலுமே பிடிப்பற்றுப்போய், அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்குமானால், ஓவியர்களை விட்டு வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

மற்றபடி, அம்மம்மாவைத் தோழர்களிடம் முழு மனத்தோடு ஒப்படையும். அவர் எதைச் சொல்லவே மாட்டார் என்பதை மாத்திரம் சொல்லிக் கொடுத்து, பகிடியை அவர்களிடமே விட்டுவிடும். அவரவர் பெயரும் சித்திரத்தின் கீழ் இருக்கட்டும். சம்மாந்துறைத் தோழர் வரையும் அம்மம்மா, அவருடைய உம்மம்மாவைப் போல முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேசினாலும் பேசுவார். திருத்தப் போக வேண்டாம். உமது அம்மம்மாவிடம் நீர் காணாத ஒரு குணம் அங்கே தட்டுப்பட்டால், அதுவே உமக்குக் கிடைக்கும் லாபம். அந்த மாதத்தில் காரைதீவுக் கடற்கரையிலோ வயல் வரம்பிலோ நிஜமான ஆடுகளைப் பார்த்து வரையும். ஒன்றையும் இணையத்தில் இட வேண்டாம். வாசகருக்கு மூன்று வரியில் அறிவித்தல் போதும்; காரணம் கூற வேண்டியதில்லை, திரும்பும் திகதியும் குறிக்க வேண்டாம்.

என்றாவது சாய்ந்தமருதுக்காரருக்கும் ஓய்வு தேவைப்படுமல்லவா? அவருடைய கதாநாயகனின் மூக்கை இப்போதே வரைந்து பழகி வையும்.