தராசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று ராத்திரி உங்கம்மா போன் போட்டாள். "இந்தப் புள்ள விளையாட்டுப் படிக்கப் போறேங்குதுண்ணே. விளையாடுறதுக்குப் போயி யாராவது காலேசுக்குப் பணம் கட்டுவாங்களா?" என்று ஒரே புலம்பல். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. விடியுமுன் ஜீப்பில் தொற்றிக் குமுளி ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் நின்றுவிட்டுப் பொழுது சாய வருகிறவள். பயோ-மேத்ஸில் நல்ல மார்க் வாங்கிய மகள் நர்சிங் சேர்ந்தால் கையில் ஒரு தொழில் இருக்கும் என்று நினைக்கிறாள். அவள் கேட்டதற்கு உனக்குப் பதில் எழுதுகிறேன். அவளுக்கும் வாசித்துக் காட்டு.

இதுவரை நான் வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிமூன்று, பதினான்கு வருஷம் இருக்கும். கபடிக்கு மேட் விரிக்கிற பழக்கம் நம் பக்கம் வந்த புதிது. என் டீமில் ஒரு பிள்ளை, நல்ல ரெய்டர். போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுச் சடாரென்று திரும்பினாள், விழுந்தாள். "உள்ளுக்குள்ள டப்புனு சத்தம் கேட்டுச்சு சார்" என்றாள். ஒரு மணி நேரத்தில் முழங்கால் பப்பாளிப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணெய் போட்டு உருவி விடுகிறவரிடம் கூட்டிப் போனேன். பன்னிரண்டாம் நாள் துணி சுற்றி அரையிறுதியில் இறக்கினேன். இரண்டாவது ரெய்டிலேயே கால் மடங்கிக் கீழே கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் கோட்டுக்குள் வரவே இல்லை. இப்போது சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குப் போகிறாள். கையைத் தூக்கிக் கொத்து வெட்டுவாள். குத்தவைத்து உட்கார முடியாது.

டப்பென்ற சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், ஊன்றினால் கால் நழுவுவது. இந்த மூன்றையும் சொன்னால் விளையாட்டு அறிவியல் படிக்கிற முதல் வருஷப் பிள்ளைகூட ஏ.சி.எல். என்கிற ஜவ்வு கிழிந்திருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டு என்று சொல்லும். முப்பத்தொரு வருஷம் விசில் ஊதிய எனக்குத் தெரியவில்லை. மண்ணில் திரும்பினால் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும்; உடம்பு திரும்பிவிடும், முழங்கால் அங்கேயே நிற்கும். சட்டென்று திரும்பிக் குதிக்கிற விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழிய வாய்ப்பு அதிகம் என்பதும் ஆராய்ச்சியில் நிலைநின்ற விஷயம். இதற்கென்றே பிஃபா 11+ என்று கால்பந்துக்காரர்கள் ஒரு வார்ம்-அப் வகுத்து வைத்திருக்கிறார்கள். இருபது நிமிஷம்தான், கருவி எதுவும் வேண்டாம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் பழக்குவது அதில் முக்கியம். எனக்கு யாராவது அப்போதே அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.

நீ படிக்க நினைப்பது இதைத்தான் தாயி. நான் படித்தது உடற்கல்வி: கோடு போட, விதி சொல்ல, அணி சேர்க்க, பிள்ளைகளை வரிசையில் நிறுத்த. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கவில்லை என்றால் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு இத்தனை பி.டி. வாத்தியார்கள் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் விளையாட்டு அறிவியல் வேறு பாடம். கிரவுண்டில் ஓடுவதைவிட ஓடுகிறவரை அளப்பது அதில் அதிகம். உடலியங்கியல், உயிர்விசையியல், சத்துணவு, உளவியல், புள்ளியியல் எல்லாம் வரும், பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்தில். விளையாட்டுப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே எலும்புகளின் பெயரைப் பார்த்து மிரண்டுவிடுகிறார்கள். உனக்கு பிசிக்ஸும் பயாலஜியும் பிடிக்கும் என்பதுதான் எனக்குத் தெம்பு. நீ நன்றாகக் கபடி ஆடுவது இதில் இரண்டாவது தகுதிதான்.

போரூரில் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பந்தை வீசாமல் எறிகிறார் என்று சந்தேகம் வருகிற கிரிக்கெட் பவுலர்களைச் சோதிக்க ஐ.சி.சி. அங்கீகரித்த இடம். உடம்பில் பளபளக்கும் சிறு குண்டுகளை ஒட்டிப் பந்துவீசச் சொல்வார்கள், சுற்றிலும் கேமராக்கள். பலர் நினைப்பதுபோல் முழங்கை மடங்கியிருப்பது குற்றமில்லை. மடங்கிய கை பந்தை விடுவதற்குள் 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால்தான் குற்றம். 2016 டி20 உலகக்கோப்பை நடந்துகொண்டிருந்தபோதே வங்கதேசத்தின் தஸ்கின் அகமதுவும் அராபத் சன்னியும் சென்னையில் சோதிக்கப்பட்டு, பந்துவீசத் தடை வந்தது. தஸ்கின் சில மாதங்களில் திருத்திக்கொண்டு வந்துவிட்டார். அம்பயரின் கண்ணால் சொல்ல முடியாததை, கோணம் அளக்கத் தெரிந்த யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சொன்னார். அவர் பெயர் பேப்பரில் வரவில்லை. இந்தப் படிப்பின் வேலைகள் பெரும்பாலும் அப்படித்தான், பெயர் வெளியே வராது.

பெயர் வந்தவர்களும் உண்டு. 2011இல் உலகக்கோப்பை வென்ற இந்திய அணிக்கு உடற்திறன் பயிற்சி தந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன் சென்னைக்காரர். 2015 முதல் 2019 வரை அந்த நாற்காலியில் இருந்த பாசு சங்கரும் அப்படியே. கோலியின் உடம்பு மாறியதில் அவருக்குப் பங்குண்டு என்று கோலியே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நாற்காலி நாட்டுக்கு ஒன்று. அதைக் காட்டி அட்மிஷன் போடுகிற கல்லூரியை நம்பாதே. மற்ற வேலைகள் எங்கே என்றால், அகாடமிகளில், பெரிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குப் பிந்திய பயிற்சிப் பிரிவில், ஜிம்மில், லீக் அணிகளில். லீக் வேலை சீசனோடு முடிந்துவிடும். கிரிக்கெட்டில் புரளும் காசு கபடியிலோ ஓட்டத்திலோ புரளாது. விளையாட்டுக்கு வெளியேயும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. நம் பள்ளத்தாக்கில் சுகர்க்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு நடை, எந்த மாதிரி எடைப் பயிற்சி என்று அளந்து சொல்ல இங்கே யாராவது இருக்கிறார்களா? எனக்குக் கண்ணில் பட்டதில்லை. அதையும் யோசித்து வை.

எங்கே படிப்பது என்று கேட்டாய். வண்டலூர் பக்கம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, அரசுப் பல்கலைக்கழகம். என் முதல் ஓட்டு அதற்கு. போரூரில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியலில் பி.எஸ்ஸி. உண்டு, நல்ல ஆய்வுக்கூடம், ஆனால் தனியார் கட்டணம். பயிற்சியாளராக வேண்டுமானால் பிறகு பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பட்டயம். புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அது பறிக்கப்பட்டு, செங்கல் சூளைக்குப் போன பெண். என்.ஐ.எஸ். பயிற்சி முடித்துத்தான் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். பி.டி. டீச்சர் வேலையும் ஒரு கண்ணில் இருந்தால் உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். தனியாக முடிக்க வேண்டும், பி.எஸ்ஸி. மட்டும் அங்கே செல்லாது. அதேபோல் பி.எஸ்ஸி. முடித்தவர் பிசியோ இல்லை. நோயாளிக்கு மருத்துவம் பார்க்க ஆசையென்றால் பிசியோதெரபிப் பட்டமான பி.பி.டி.க்கே போ. அதில் பின்னால் விளையாட்டுப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம், உங்கம்மாவுக்கும் மனசு ஆறும்.

எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல். டிரெட்மில் மேல் தூசி இருக்கிறதா பார். போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மூன்று பேரிடமாவது கேள். மூன்று வருஷத்தோடு நிறுத்தினால் சம்பளம் குறைவு, முதுகலை வரை போக வேண்டியிருக்கும் என்று இப்போதே வீட்டில் சொல்லிவிடு. பணத்தை மறைத்துச் சேர்ந்த படிப்பு பாதியில் நின்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. போடிமெட்டு ரோட்டில் ஏறி ஓடினால் ரத்தம் ஊறும் என்று நம் பையன்கள் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ரத்தச் சிவப்பணு கூட வேண்டுமென்றால் சுமார் 2000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் தங்க வேண்டும். போடிமெட்டு அந்த உயரத்துக்கு வராது, ஏறிவிட்டு மத்தியானமே இறங்குவதில் கால்தான் பலப்படும். நம்பிக்கைக்கும் அளவுக்கும் உள்ள இந்த வித்தியாசம் உனக்கு ருசிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அப்ளிகேஷன் போடுவதற்கு முன் ஒரு வேலை தருகிறேன்.

சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் ஓர் எலெக்ட்ரானிக் தராசு கேட்டிருக்கிறேன். கிரவுண்டுப் பையன்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏற்றி நிறுத்து. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது. இடையில் குடித்த தண்ணீரையும் கூட்டிக்கொள். விளையாடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று நான் தடுத்து வைத்த கிரவுண்டு அது. பத்துப் பையன், பத்து நாள், ஒரு கோடு போட்ட நோட்டு. நாலாம் நாள் சலித்துவிட்டால் சொல்லிவிடு, நர்சிங் அப்ளிகேஷனை நானே வாங்கித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வந்துவிடு. பையன்கள் ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்புடன்,
மாமா