வைக்கோலில் மறைந்து வரும் செலினியம்

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை இல்லாவிட்டால் பயிர் வாடிக் காட்டிவிடும். செலினியம் அப்படியல்ல. நெல், கோதுமை போன்ற பயிர்கள் வளர இது தேவை என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் மண்ணில் இருந்தால் பயிர் அதை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பயிரைத் தின்னும் மாட்டுக்கும் மனிதனுக்கும் செலினியம் தேவை. அதுவும் மிகச் சிறிய அளவில்தான். ஒரு கிலோ உலர்ந்த தீவனத்தில் 0.1 முதல் 0.3 மில்லிகிராம் வரை இருந்தால் மாட்டுக்குப் போதும். அதே தீவனத்தில் 5 மில்லிகிராமைத் தாண்டினால் நாளடைவில் நஞ்சாகிவிடுகிறது.

பஞ்சாபில் கண்டது

பஞ்சாபில் சிவாலிக் மலையின் அடிவாரத்தில் ஹோஷியார்பூர் மாவட்டமும் அதை அடுத்து நவான்ஷஹர் பகுதியும் (இப்போது ஷஹீத் பகத் சிங் நகர் மாவட்டம்) உள்ளன. இங்குள்ள சில கிராமங்களில் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் விநோதமான நோய் கண்டது. வால் மயிர் உதிர்ந்தது. குளம்பு வெடித்தது, சிலவற்றுக்குக் குளம்பே கழன்றது. கால் ஊன்ற முடியாத எருமை சரியாகத் தீனி எடுக்காது, பாலும் தராது. இரண்டு எருமைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய நஷ்டம் அல்ல.

நிலத்தில் செலினியம் மிகுந்திருப்பது 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் வல்லுநர்கள் மண்ணையும், கிணற்று நீரையும், தீவனத்தையும் தொடர்ந்து ஆராய்ந்தனர். மழைக்காலக் காட்டாறுகள் மலையிலிருந்து கொண்டு வந்து தாழ்வான நிலங்களில் படியவைத்த வண்டலில் செலினியம் இருந்தது. நிலத்தடி நீரிலும் அது கலந்திருந்ததால், நெல்லுக்கு அடிக்கடி இறைத்த தண்ணீரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தது. இப்படிப் பாதிக்கப்பட்ட நிலம் 1,000 ஹெக்டேருக்கு மேல் இருக்கும். ஒரு கிலோ மண்ணில் 0.5 மில்லிகிராமுக்கு மேல் செலினியம் இருந்தாலே வல்லுநர்கள் அதைச் செலினியம் மிகுந்த மண் என்கின்றனர். இவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பார்த்தோ, கையால் தொட்டோ அறிய முடியாது.

வேர் ஏமாறும் விதம்

செலினியம் கந்தகத்தின் நெருங்கிய உறவு. பயிருக்குக் கந்தகம் அவசியம். அதை சல்பேட் என்னும் உருவில் உள்ளே இழுக்க வேரில் தனி வழி இருக்கிறது. மண்ணில் செலினியம் ‘செலினேட்’ என்னும் உருவில் இருக்கும்போது, ஏறக்குறைய சல்பேட்டைப் போலவே இருப்பதால், அதே வழியில் நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் தண்டு வழியாக இலைக்கு ஏறுகிறது. புரதத்தில் கந்தகம் உட்கார வேண்டிய இடத்தில் செலினியம் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே கந்தகத்தை அதிகம் விரும்பும் கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கி வகைகளே இதையும் அதிகம் சேர்க்கின்றன. தானியப் பயிர்கள் அவ்வளவு சேர்ப்பதில்லை. எனினும் மாடு நாள்தோறும் கட்டுக் கட்டாகத் தின்பது தானியப் பயிரின் வைக்கோலைத்தானே!

மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த உருவில் இருக்கிறது என்பதே முக்கியம். களர்த் தன்மையும் நல்ல காற்றோட்டமும் உள்ள மண்ணில் செலினேட் உருவம் மிகுதி. அது நீரில் எளிதில் கரையும். மண் துகளில் ஒட்டாது. அமிலத் தன்மையுள்ள, இரும்பு மிகுந்த மண்ணிலோ ‘செலினைட்’ என்னும் உருவம் மிகுதி. அதை இரும்பு இறுகப் பிடித்துக்கொள்கிறது. வேர் அதை எடுத்தாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் காற்று இல்லாததால், செலினியம் எளிதில் கரையாத உருவங்களுக்கு மாறுகிறது. பிறகு நீர் வடிந்து, உழுது, காற்றுப் பட்டதும் கரையும் உருவம் திரும்புகிறது. நெல்லுக்குப் பின் வரும் கோதுமைக்கு அது கிடைக்கிறது.

இதற்கு நேர் எதிரான நிலை பின்லாந்து நாட்டில். அங்குள்ள அமில மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் செலினியம் மிகக் குறைவு. அதனால் 1984-ல் அரசு முடிவு செய்து, 1985 சாகுபடி முதல் ரசாயன உரத்துடனேயே சோடியம் செலினேட்டைச் சேர்த்து விற்கச் செய்தது. தானியத்திலும் பாலிலும் செலினியம் உயர்ந்தது. ஒரு நாட்டில் உரமாக இடுவதை வேறொரு ஊரில் தவிர்க்க வழி தேட வேண்டியிருக்கிறது.

ஜிப்சம் உதவும், ஆனால்...

பஞ்சாபில் பயன் தந்த முறை எளியது. நம் ஊரில் நிலக்கடலைக்கு இடுகிறோமே, அதே ஜிப்சம்தான். அதிலுள்ள சல்பேட் வேரின் வழியில் நெருக்கியடித்து நிற்பதால், செலினேட்டுக்கு இடம் குறைகிறது. ஜிப்சம் இட்ட வயல்களில் கோதுமைப் பயிரில் செலினியம் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஜிப்சம் மண்ணிலுள்ள செலினியத்தை அகற்றிவிடாது. ஏற்கெனவே சல்பேட் மிகுந்த நிலத்தில் இதனால் பெரிய பலன் இராது. செலினைட் உருவத்துக்கும் அவ்வளவாக உதவாது.

இத்தகைய நிலத்தில் விளைந்த தீவனத்தை மட்டுமே தொடர்ந்து போடுவது ஆபத்து. வேற்றிட வைக்கோலைப் பாதிக்குப் பாதி கலந்தால் நஞ்சின் அளவு தாழும். கடுகுத் தழையை மாட்டுக்குப் போடாமல் இருப்பது நல்லது. அங்கே செலினியம் கலந்த தாது உப்பு வாங்கிக் கொடுப்பது, இருக்கிற நஞ்சுக்கு மேலும் சேர்ப்பதாகும்.

குளம்பு வெடித்ததும் கோமாரி என்றுதான் பலரும் எண்ணுவார்கள். கோமாரியில் காய்ச்சல் வரும், வாயில் புண் காணும், எச்சில் வடியும். செலினியக் கேட்டில் இவை இல்லை. மயிர் உதிர்வும் குளம்புக் கோளாறும் மெதுவாக வரும். குளம்பு வெடிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் முடிவு கட்டக் கூடாது.

மண் பரிசோதனை நிலையங்களில் வழக்கமாகப் பார்ப்பது தழை, மணி, சாம்பல் சத்துகள், கார அமில நிலை போன்றவற்றை; செலினியம் அதில் வராது. சந்தேகம் இருந்தால் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வகத்தைத்தான் அணுக வேண்டும். அப்போது மண் மாதிரியுடன், அதே வயலில் அறுத்த தீவனத்தில் ஒரு பிடியையும் நன்கு உலர்த்தி எடுத்துச் செல்ல வேண்டும். மண்ணில் இருப்பதில் எவ்வளவு பயிருக்குள் போயிருக்கிறது என்பதைத் தீவன மாதிரிதான் காட்டும்.